வனைவதும் கற்பிப்பதும்: என் சொந்த வேலை எங்கே போகிறது?

பச்சைக்கலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஸ்டோன்வேர் என்ற, உயர்ந்த வெப்பத்தில் சுடும் களிமண்ணில் கலங்கள் வனைகிறேன். பெரும்பாலும் சக்கர வேலைதான். மின்சூளையில் கோன் 6 என்ற வெப்ப அளவு வரை சுடுகிறேன். ஆரம்பத்தில் வாரக் கடைசியில் மட்டும் சிலருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். இப்போது வாரத்தின் பெரும்பாலான நாட்களில் வகுப்பு இருக்கிறது.

கற்பிப்பது எனக்குப் பிடிக்கும். "நிறுத்திவிடுங்கள்" என்ற பதிலைத் தேடி நான் வரவில்லை என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளாடிக்கொண்டே இருந்த மண் உருண்டை ஒரு மாணவரின் கைக்குள் அடங்கி, சுழல்வதே தெரியாமல் நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே எத்தனை வகுப்பு வேண்டுமானாலும் எடுப்பேன்.

என் கவலை வேறு. அலமாரி முழுக்க மாணவர்களின் கலங்கள். அவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதால் சூளையிலும் அவர்களுக்கே முதலிடம். என் ஜாடிகள் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்து, அடி செதுக்கும் பதத்தைத் தாண்டிக் காய்ந்துபோகின்றன. அதைக்கூட நேர நெருக்கடி என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அண்மையில் சூளையைத் திறந்து, என் சொந்தக் கிண்ணங்களை வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்தபோது திடுக்கிட்டுப் போனேன். எல்லாமே வகுப்பில் செய்துகாட்டும் கிண்ணங்கள். அதே சாய்வு, அதே விளிம்பு, அதே கனத்த அடி. முன்பெல்லாம் என் கலங்களின் தோளில் ஓர் இறுக்கம் இருக்கும். வயிறு நன்றாக விரிந்து, கழுத்து தொடங்கும் இடத்தில் சட்டென்று மடங்கும். அந்த மடிப்பு எதிலும் இல்லை. குறை சொல்ல முடியாத கலங்கள்தான். ஆனால் அவற்றை நான்தான் வனைந்தேன் என்பதற்கு அடையாளமே இல்லை.

பல ஆண்டுகளாக வனைந்துகொண்டும் கற்பித்துக்கொண்டும் இருப்பவர்கள் இங்கே உண்டு. நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பது மட்டும் என் கேள்வி இல்லை. கற்பிக்கும் பழக்கம் வனையும் கையையே மாற்றிவிடுகிறதா? மாற்றுமென்றால் நீங்கள் என்ன செய்தீர்கள்?


தணல் எழுதியது:

பச்சைக்கலம், ஆம், மாற்றிவிடுகிறது. நேரத்தை எவ்வளவு கச்சிதமாகப் பங்கிட்டாலும் மாற்றும். தலை நரைக்கும்வரை இரண்டையும் சேர்த்தே செய்துவருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செய்துகாட்டும்போது நம் கை என்னவெல்லாம் செய்கிறது என்று கவனியுங்கள். வழக்கத்தைவிட இளகிய மண்ணை எடுக்கிறோம். சிறிய உருண்டையாக எடுக்கிறோம். சக்கரத்தை மெதுவாக ஓட்டுகிறோம். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நிலையிலும் கையை எடுத்துவிட்டு விளக்குகிறோம், திரும்பவும் வைக்கிறோம். இதற்குள் மண் நிறையத் தண்ணீர் குடித்துத் தளர்ந்துவிடும். தளர்ந்த மண் அகலமான தோளைத் தாங்காது. ஆகவே நம்மை அறியாமலேயே சரிந்து விழாத வடிவத்துக்குப் போகிறோம். சுவரைச் சற்றுக் கனமாக விடுகிறோம். வகுப்புக்கு இவை அத்தனையும் சரி. ஆனால் கை எதை அதிகம் செய்கிறதோ அதைத்தான் கற்றுக்கொள்ளும். இது வகுப்பு, இது சொந்த வேலை என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. மாணவர்கள் முன்னால் உட்காரும்போது கலம் கெட்டுப்போகக் கூடாது. கெட்டால் பாடம் பாதியில் நின்றுவிடும், புதிதாக வந்தவர்களுக்குப் பயம் வந்துவிடும். அதனால் கெடவே முடியாத பாதையில் மட்டும் கை நடக்கப் பழகுகிறது. நம் சொந்த வேலையோ கெடுவதற்கு மிக அருகில் நடக்கிறது. நீங்கள் சொன்ன அந்தத் தோள் எப்படி வரும்? இன்னும் கொஞ்சம் அழுத்தினால் உள்ளே விழுந்துவிடும் என்ற இடம்வரை போய் நிறுத்தினால்தான் வரும். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பல கலங்கள் விழுந்திருக்க வேண்டும். யாரும் பார்க்காத, எதுவும் தேறாவிட்டாலும் பரவாயில்லை என்ற பொழுது உங்களுக்கு வாரத்தில் கொஞ்சமாவது இருக்கிறதா? உங்களுக்குக் குறைந்துபோனது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் கடைப்பிடிக்கும் சில வழக்கங்களைச் சொல்கிறேன்.

வகுப்பில் வனைந்த எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. செய்துகாட்டி முடித்ததும் கம்பியால் நெட்டுவாக்கில் இரண்டாக அறுத்துவிடுவேன். அறுத்த முகத்தில் சுவரின் கனம் மேலிருந்து கீழ்வரை தெரியும். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த வெட்டுமுகம் காட்டிவிடும். பிறகு அது பழைய மண் தொட்டிக்குப் போய்விடும். இதில் எனக்கும் நன்மை இருக்கிறது. வகுப்புக் கலம் அலமாரி ஏறி "தணலின் கலம்" ஆவதில்லை.

மார்கரீட் வில்டன்ஹைன் என்ற குயவர் இன்னும் கண்டிப்பானவர். கலிஃபோர்னியாவின் பாண்ட் ஃபார்மில் அவர் நடத்திய கோடைப் பயிற்சியில் மாணவர்கள் முழுக்க முழுக்கச் சக்கரத்தில்தான் உழைத்தார்கள். முடிவில் சுட்ட கலங்களை யாரும் கையோடு எடுத்துப்போகவில்லை, மண் மண்ணாகவே திரும்பியது. அவர் பயின்றது ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி டோர்ன்பர்க்கில் நடத்திய மண்கலப் பட்டறையில். அங்கே மாக்ஸ் கிரேஹான் என்ற பரம்பரைக் குயவர் கைத்தொழிலைக் கற்பித்தார். கெர்ஹார்ட் மார்க்ஸ் என்ற சிற்பி வடிவத்தைக் கற்பித்தார். ஒரே பட்டறையில் இரண்டுக்கும் இரண்டு ஆசிரியர்கள். நாம் தனியாளாக நின்று அந்த இரண்டு வேலையையும் செய்கிறோம். ஆகவே எந்த நேரத்தில் எதைக் கற்பிக்கிறோம் என்ற தெளிவு நமக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். மண்ணை நடுவில் நிறுத்துவது, சுவரை ஏற்றுவது, அடியை அழுத்திக் கெட்டிப்படுத்துவது ஆகியவற்றை நான் செய்துகாட்டுவேன். வடிவம் என்று வந்தால் செய்துகாட்டுவதில்லை, கேள்விதான் கேட்பேன். "கண் எந்த இடத்தில் நிற்கிறது? விளிம்பில் வந்து முடிகிறதா, இல்லை வழுக்கிக்கொண்டு போய்விடுகிறதா?" நான் ஒரு வடிவத்தைக் காட்டினால் வகுப்பு முழுக்க அதுவே விளையும். எனக்கும் அதிலேயே கை ஊறிவிடும்.

இன்னொன்று, மாணவரின் சக்கரத்தில் கை வைக்காதீர்கள். மண் ஆடுகிறது, நாம் தொட்டால் நொடியில் நின்றுவிடும் என்று தெரியும்போது கை துடிக்கத்தான் செய்யும். ஆனால் நாம் நிறுத்திக்கொடுத்தால் அவர் உடம்பு எதையும் கற்றிருக்காது. பக்கத்தில் நின்று சொல்லுங்கள்: முழங்கையைத் தொடையில் ஊன்றுங்கள், மணிக்கட்டை மடக்காதீர்கள், கைப்பலத்தால் தள்ளாமல் உடம்பை முன்னே சாய்த்து எடையைக் கொடுங்கள், கையை எடுக்கும்போது மெல்ல எடுங்கள். தொடக்கக்காரர்களுக்கு மண் மீண்டும் ஆடத் தொடங்குவது பெரும்பாலும் கையைச் சட்டென்று எடுப்பதால்தான். அவருக்கு வந்துவிட்டால் அன்று அந்தக் கலம் அவருடையது. அப்படிக் கற்பித்தால் வகுப்பு முடியும்போது உங்கள் கையில் மிச்சமும் இருக்கும்.

கடைசியாக, உங்கள் பொழுதை வகுப்புக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வைக்காதீர்கள். கற்பித்து முடித்த கை சோர்ந்திருக்கும், மனமும் பேசிக் களைத்திருக்கும். காலையில், பேச்சு தொடங்குவதற்கு முன் வனைந்ததுதான் நமக்குச் சொந்தம்.


சாம்பல்பூச்சு எழுதியது:

தணல் ஐயா கையைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் சூளை, கிளேஸ் (கலத்தின்மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) பக்கத்து ஆள் என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

மாணவர்களின் கலங்களையும் உங்களுடையவற்றையும் முதல் சூட்டில் ஒன்றாக அடுக்காதீர்கள். பிஸ்க் எனப்படும் அந்த முதல் சூட்டில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி ஒரே கலத்துக்குள் மெலிந்த சுவரும் கனத்த அடியும் சேர்ந்திருப்பதால் வருவது. தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். 100 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஈரம் நீராவியாகி வெளியேற வழியில்லாமல் கலத்தை உடைத்துவிடும். பக்கத்தில் இருப்பவையும் போகும். மாணவர் சூளையை 80-லிருந்து 90 டிகிரிக்குள் பல மணி நேரம் நிறுத்தி வையுங்கள், இரவு முழுக்க இருந்தாலும் தவறில்லை. களிமண்ணோடு வேதிவினையால் பிணைந்திருக்கும் தண்ணீர் பெரும்பாலும் 450-லிருந்து 600 டிகிரிக்குள் வெளியேறும். அதே எல்லைக்குள், 573 டிகிரியில், குவார்ட்ஸ் படிகம் வடிவம் மாறிச் சட்டென்று விரிகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். சீரான சுவருள்ள உங்கள் கலங்களுக்கு இவ்வளவு தாமதம் தேவைப்படாது. தனித்தனியாகச் சுட்டால் இரண்டுக்கும் ஏற்ற வேகம் கிடைக்கும். உங்கள் வேலைக்கென்று ஒரு சூளை நாளும் நாட்காட்டியில் உறுதியாகிவிடும். வகுப்பு நாளை எப்படி மாற்ற மாட்டீர்களோ, அப்படியே அந்த நாளையும் மாற்றாதீர்கள்.

வகுப்புக்கு ஒரே வகை மண், ஒரே வெப்பம். வெளியிலிருந்து வரும் மண்ணை உள்ளே விடவே கூடாது. தாழ்ந்த வெப்பத்தில் சுட வேண்டிய எர்த்தன்வேர் மண் தவறி கோன் 6 சூளைக்குள் போனால், ஊதிப் புடைத்துச் சூளைப் பலகையோடு உருகி ஒட்டிக்கொள்ளும். சிவந்த மண் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் கண்டுபிடிக்கவும் முடியாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாணவர்களுக்காக ஓடும் ஒவ்வொரு கிளேஸ் சூளையிலும் மூலைகளிலும் கலங்களுக்கு நடுவிலும் இடம் மிஞ்சும். அந்த இடம் உங்களுடையது. கிளேஸ் பூசிப் பார்க்கும் சிறு மண்துண்டுகளை, அதாவது சோதனை ஓடுகளை, வையுங்கள். தனியாக வனைபவருக்குச் சூளை எப்போதாவதுதான் நிறையும், அதுவரை சோதனைக்குக் காத்திருக்க வேண்டும். உங்களுக்கோ அடிக்கடி சூளை ஓடுகிறது. கற்பிப்பதால் கிடைக்கும் மிகப் பெரிய சலுகை இது என்பேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. தூசியைப் பற்றி அலட்சியமாக இருக்காதீர்கள். உலர்ந்த களிமண்ணிலும் கிளேஸ் பொடிகளிலும் படிக சிலிக்கா இருக்கிறது. நுரையீரலின் அடிவரை போகும் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. கிளம்பினால் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் குணமாக்க வழியில்லை. மாணவர் வந்துபோகும் சிறிது நேரத்தில் சுவாசிப்பதை ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கிறார். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த கலத்தை மணல்தாளால் தேய்ப்பதற்குப் பதிலாக ஈரமான பஞ்சால் வழியுங்கள். பொடி கலக்கும்போது தூசி வடிகட்டும் சுவாசக்கவசம் கட்டாயம். வகுப்பு அலமாரியில் ஈயமும் பேரியம் கார்பனேட்டும் இருக்கவே கூடாது. மாங்கனீஸ் டை ஆக்சைடு பயன்படுத்துவீர்களானால் சூளை அறையில் புகைபோக்கி இல்லாமல் சுடாதீர்கள், அந்தப் புகை நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும்.


கற்றுக்குட்டி எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, மாணவி. இருந்தாலும் ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது.

தணல் ஐயா, யாரும் பார்க்காத பொழுது வேண்டும் என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் என் ஆசிரியையிடம் நான் கற்றதிலேயே பெரியது, அவர் எங்களுக்காகச் செய்துகாட்டியபோது கிடைக்கவில்லை. ஒருநாள் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். அவர் தம் வேலையில் இருந்தார். மண்சுருள்களை அடுக்கிப் பெரிய சாடி ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சற்று நேரம் எட்டி நின்று பார்த்தார், அருகில் போய் ஒரு சுருளைப் பிய்த்தெடுத்தார், மீண்டும் எட்டி நின்றார். பிறகு மேல்பகுதி முழுவதையும் அறுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு ஈரத்துணி போர்த்தினார். முகத்தில் வருத்தமே இல்லை. கலத்தை இப்படி விட்டுக்கொடுக்கலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை வளைந்த கிண்ணம், சாய்ந்த குவளை என்று எதையும் விடாமல் சுட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

லாடி குவாலியைப் பற்றிப் படித்தபோதும் இதுவே தோன்றியது. நைஜீரியாவில், அப்போது அபுஜா எனப்பட்ட இன்றைய சுலேஜாவில், மண்கலப் பயிற்சி மையத்தை ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூ 1950-களின் தொடக்கத்தில் தொடங்கினார். 1954-இல் லாடி குவாலி அங்கே சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே தேர்ந்த குயவர். சக்கரம் இல்லாமல், சுருள் வைத்து, கலத்தைச் சுற்றி நடந்தபடியே பெரிய நீர்ச்சாடிகளை எழுப்புபவர். பல்லி, பாம்பு போன்ற உருவங்களை அவற்றின்மேல் கீறுவார். மையத்தில் சக்கரத்தையும் கிளேஸையும் கற்றுக்கொண்டார், ஆனாலும் தம் சுருள் முறையை விடவில்லை. அதே சாடிகள் அங்கே கிளேஸ் பூசி உயர்ந்த வெப்பத்தில் சுடப்பட்டன. வெளிநாடுகளில் கூட்டத்தின் முன்னால் செய்துகாட்டியபோதும் அதே வேலையைத்தான் செய்தார். அவருக்குச் செய்விளக்கம் வேறு, சொந்த வேலை வேறு என்று இருந்ததாகத் தெரியவில்லை. நைஜீரியாவின் 20 நைரா நோட்டில் அவர் உருவம் இருக்கிறது.

ஆகவே பச்சைக்கலம் அக்கா, உங்கள் பொழுதை முழுக்கக் கதவடைத்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கும் அதில் கொஞ்சம் பார்க்கக் கிடைக்கட்டும்.


தணல் எழுதியது:

கற்றுக்குட்டி, நீங்கள் சொல்வது சரி. நான் சொன்னதை அப்படியே விட்டுவைக்காமல் நீங்கள் மேலே கொண்டுபோயிருக்கிறீர்கள். உங்கள் ஆசிரியை உங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அங்கே இருந்தீர்கள், ஆனால் அவர் உங்களுக்காக வனையவில்லை. அந்தச் சாடியை அறுத்தெறியும் உரிமை அவரிடமே இருந்தது. லாடி குவாலியும் கூட்டத்துக்காக வேலையைச் சுருக்கவில்லை, கூட்டம்தான் அவர் வேகத்துக்குக் காத்திருந்தது. பார்வையாளர் இருக்கலாம். அவருக்காக வடிவத்தையும் வேகத்தையும் மாற்றாமல் இருக்க முடிந்தால் போதும். எனக்கு அது எளிதாக வரவில்லை என்பதால் கதவை மூடிக்கொள்கிறேன். பச்சைக்கலம் தமக்கு எது ஒத்துவருகிறது என்று பார்க்கட்டும். புதியவர்கள் முன் முடியாவிட்டாலும், நெடுநாளாக வருகிற ஓரிருவர் இருக்கும்போது முடியலாம்.


பச்சைக்கலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தணல் ஐயா, இன்று வகுப்புக் கிண்ணங்கள் அத்தனையையும் அறுத்துவிட்டேன். மாணவர்கள் பதறிப்போனார்கள், பிறகு வெட்டுமுகத்தைச் சுற்றி நின்றுகொண்டு நகரவே மறுத்துவிட்டார்கள். சுவரைவிட அடி எவ்வளவு கனமாக இருக்கிறது என்று எனக்கே அதில்தான் தெரிந்தது.

இன்னும் இரண்டு கேள்விகள். மாணவர்களில் ஒருவர் என் வேலையை அப்படியே பின்பற்றுகிறார். என் பழைய தோள்கூட இப்போது அவரிடம்தான் இருக்கிறது! மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, அவருக்கு இது நல்லதுதானா என்ற கவலையும் இருக்கிறது. இரண்டாவது, மாலையானால் மணிக்கட்டும் இடுப்பும் வலிக்கின்றன. இத்தனை ஆண்டுகள் இந்த வேலையில் இருக்கும் உங்கள் உடம்பை எப்படிக் காத்தீர்கள்?


தணல் எழுதியது:

பின்பற்றட்டும். தடுக்காதீர்கள். ஒரு வடிவத்தைப் பிசகாமல் திரும்ப வனைய முடிகிறதென்றால் அவர் கண்ணும் கையும் ஒத்துழைக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஹமாதா ஷோஜியும் 1920-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறையில், பின்னாளில் பயிற்சிக்கு வந்தவர்கள் பட்டறைக்கென்று வகுத்திருந்த வடிவங்களைத்தான் திரும்பத் திரும்ப வனைந்தார்கள். அங்கே பயின்ற அமெரிக்கக் குயவர் வாரன் மெக்கென்சி பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். கற்பித்தபடியே அன்றாடம் புழங்கும் கலங்களை வனைவதையும் கடைசிவரை விடவில்லை. 2018-இல் மறையும்போது அவருக்கு வயது 94.

ஆனால் பின்பற்றுவது ஒரு கட்டத்தில் போதும் என்று ஆகும். அதை நீங்கள் சொல்லி வரவழைக்க முடியாது. லூசி ரீ, ஹான்ஸ் கோப்பர் என்ற இரு குயவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். வியன்னாவில் பெயர்பெற்றிருந்த லூசி ரீ 1938-இல் லண்டனுக்குப் புலம்பெயர்ந்தார். போர்க்காலத்தில் பீங்கான் பொத்தான்கள் செய்து பிழைத்தார். 1946-இல் அவர் பட்டறைக்கு வேலை கேட்டு வந்தபோது கோப்பருக்கு மண்ணில் பழக்கமே இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தார்கள், புழங்கும் கலங்களைச் சேர்ந்தே செய்தார்கள். இருந்தும் லூசி ரீயின் கிண்ணம் மெல்லிய சுவரோடு சிறு அடியிலிருந்து மலர்ந்து எழும். கோப்பரின் கலமோ தனித்தனியாக வனைந்த பகுதிகளை ஒட்டி, சொரசொரப்பான வெள்ளையும் கருமையுமாக நிற்கும் சிற்பம். இரண்டையும் குழப்பிக்கொள்ளவே முடியாது. பிற்பாடு கேம்பர்வெல் கலைப்பள்ளியில் இருவருமே கற்பித்தார்கள். லூசி ரீ சுட்டதும் உங்களைப்போல மின்சூளையில்தான். இன்னும் சுடாத கலத்திலேயே கிளேஸ் பூசி ஒரே சூட்டில் முடிப்பார். கூரை ஒன்றாக இருப்பதால் வேலை ஒன்றாகிவிடாது என்பதற்கு இவர்களைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் தோள் அந்த மாணவரிடம் இருக்கிறது என்றால், அவர் வனைவதை உட்கார்ந்து பாருங்கள். எங்கே அழுத்துகிறார், எந்த நேரத்தில் விடுகிறார் என்று பாருங்கள். உங்கள் கை மறந்ததை அவர் கை வைத்திருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை.

உடம்புக்கு வருகிறேன். மண் பிசையும் மேசை உயரம்தான் முதல் காரணமாக இருக்கும். கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல் முட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரம் போதும். அதைவிட உயர்ந்தால் தோளாலும் மணிக்கட்டாலும் தள்ளுவீர்கள், உடம்பின் எடை பயன்படாது. இறுகிப்போன மண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, மூடி, மறுநாள் எடுங்கள். சக்கரத்தை நான் கட்டைகள் வைத்து உயர்த்தி, நின்றுகொண்டே வனைகிறேன். இடுப்பை மடக்கி உட்கார்ந்த காலத்தோடு ஒப்பிட்டால் வலி பெரிதும் குறைந்திருக்கிறது. உட்கார்ந்துதான் வனைவேன் என்றால் இருக்கையைச் சற்று முன்சாய்வாக உயர்த்துங்கள், இடுப்பைவிட முழங்கால் தாழ்ந்திருக்க வேண்டும். பெரிய உருண்டையை நடுவில் நிறுத்தும்போது ஒரேயடியாக அழுத்தாமல் பகுதி பகுதியாக நிறுத்துங்கள். இரவில் விரல்கள் மரத்துப்போகின்றன என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள், மணிக்கட்டு நரம்பு நசுங்கியிருக்கலாம்.


பச்சைக்கலம் எழுதியது:

மேசையை அளந்து பார்த்தேன், மிகவும் உயரம்தான். நாளை கால்களை அறுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மாணவரிடமும் பேசினேன். அவர் வனைய நான் பக்கத்தில் உட்காரப்போகிறேன்.

சாம்பல்பூச்சு, சோதனை ஓடுகள் என்றீர்கள். எதிலிருந்து தொடங்குவது?


சாம்பல்பூச்சு எழுதியது:

இரும்பிலிருந்து தொடங்குங்கள். ஒரே பொருளில் இவ்வளவு நிறம் வேறெதிலும் கிடைக்காது. உங்கள் நிறமற்ற கிளேஸை இரண்டு வாளிகளில் ஒரே அளவு தண்ணீரோடு கரையுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள், மற்றொன்றில் உலர்ந்த எடைக்கு 10 விழுக்காடு சிவப்பு இரும்பு ஆக்சைடு சேருங்கள். பிறகு இரண்டையும் பத்துக்குச் சுழியம், ஒன்பதுக்கு ஒன்று, எட்டுக்கு இரண்டு என்று சுழியத்துக்குப் பத்து வரை கலந்துகொண்டே போங்கள். 11 ஓடுகள் வரும். மின்சூளையில் ஆக்சிஜன் குறையாது என்பதால் 1, 2 விழுக்காட்டில் தேன்நிறச் சாயல், நடுவில் பழுப்பு, 8-க்கு மேல் கரும்பழுப்பும் கறுப்பும் எதிர்பார்க்கலாம். ஒவ்வொரு அடிப்படைக் கிளேஸும் அதில் தன் குணத்தைக் காட்டும். அடுத்து கோபால்ட் கார்பனேட். அதற்கு 1 விழுக்காடே உச்சமாக இருக்கட்டும், அழுத்தமான நீலத்துக்கு அது போதும். செம்பு சேர்த்த கிளேஸைக் குவளையின் உட்புறத்தில் பூசுவதற்கு முன் மட்டும் யோசியுங்கள். அளவு கூடினால் புளிப்பான பானங்களில் கரைந்து இறங்கும்.

ஓடுகளுக்குத் தனியாக மண் தேட வேண்டாம். வகுப்பில் செய்துகாட்டும் நேர்ச்சுவர் உருளைகளில் சிலவற்றை அறுத்துத் தொட்டியில் போடாமல், பாதி காய்ந்த பதம்வரை விட்டு, அடியோடு சேர்த்துச் செங்குத்தாகத் துண்டு போடுங்கள். தாமே நிற்கும். கிளேஸ் எவ்வளவு வழிகிறது என்று நிற்கும் ஓட்டில்தான் தெரியும், படுத்த ஓட்டில் தெரியாது. கீழே விரற்கடை அளவு பூசாமல் விடுங்கள், அடியில் வீணான சூளைப் பலகைத் துண்டு ஒன்றையும் வையுங்கள். ஓட்டின் எண்ணை இரும்பு ஆக்சைடு கரைசலால் பின்புறம் எழுதுங்கள். சாதாரணப் பென்சிலால் எழுதினால் சூளையில் எரிந்துபோகும்.